முளையும் பயிரும்: ஓர் ஐஸ் ஹாக்கி இளைஞரை எடைபோடுவது எப்படி?

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே பொருளைச் சுற்றியே இருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு அவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

கேள்வி: வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீகில் அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை முறைவைத்து எடுத்துக்கொள்ளும் தேர்வில், சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணி 2023இல் கானர் பெடார்டைத் ‘தலைமுறைக்கு ஒருவர்’ என்ற ஆரவாரத்தோடு முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 2024-25ஓடு இரண்டு பருவங்கள் முடிந்துவிட்டன. முதலாண்டில் 61 புள்ளிகள், இரண்டாமாண்டில் 67. ‘ஊதிப் பெரிதாக்கிய பலூன்’ என்று என் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்களே, இந்த முளை எப்படி? எதை வைத்து அளப்பது?
*(கல்லூரி மாணவர் ஒருவர், ஐஸ் ஹவுஸ், சென்னை)*

ஐஸ் ஹாக்கி பற்றிய கேள்வி ஐஸ் ஹவுஸிலிருந்து வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. உங்கள் வட்டாரத்துக்குப் பெயர் கொடுத்த அந்தக் கடற்கரைக் கட்டடம், இன்றைய விவேகானந்தர் இல்லம், பாஸ்டனிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக 1842இல் கட்டப்பட்டது. ஏற்றிய எடை இறக்கும்போது இருக்காது என்பதைக் கணக்கில் வைத்தே அந்தப் பனிக்கட்டியை அனுப்பிய வணிகர் தொழில் நடத்தினார். இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அணிகளும் அதே கணக்கைத்தான் போடுகின்றன, ரசிகர்கள்தான் போடுவதில்லை.

முதலில் உங்கள் நண்பர்களின் வாதத்தை அதன் வலிமையோடு எடுத்துக்கொள்வோம். ஐஸ் ஹாக்கியில் கோல் அடித்தவருக்கும், அதற்குப் பந்தை, அதாவது ‘பக்’ எனப்படும் கறுப்பு ரப்பர் வட்டை, எடுத்துக்கொடுத்தவருக்கும் ஆளுக்கொரு புள்ளி. பெடார்ட் முதலாண்டில் 68 ஆட்டங்களில் 22 கோல்களும் 39 அசிஸ்ட்களும், இரண்டாமாண்டில் 82 ஆட்டங்களில் 23 கோல்களும் 44 அசிஸ்ட்களும் எடுத்தார். மொத்தம் கூடியிருக்கிறது, ஆனால் ஓர் ஆட்டத்துக்கு என்று வகுத்தால் 0.90 என்பது 0.82 ஆகக் குறைந்திருக்கிறது. பத்தொன்பது வயதில் ஏற வேண்டிய கோடு இறங்கியது உண்மைதான். அதோடு, அவரை யாரோடு ஒப்பிட்டார்களோ அவர்களின் கணக்கு இன்னும் கடுமையானது: சிட்னி கிராஸ்பி தம் முதல் பருவத்திலேயே 102 புள்ளிகள் எடுத்தார், கானர் மெக்டேவிட் காறை எலும்பு முறிந்து 45 ஆட்டங்களே ஆடிய முதலாண்டில் 48 புள்ளிகளும், அடுத்த ஆண்டில் 100 புள்ளிகளும் எடுத்தார். அந்த இருவரின் வரிசையில் இந்த இரண்டு பருவத்துப் பெடார்ட் இல்லை. இதை மழுப்பாமல் ஒப்புக்கொண்டுவிட்டால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

ஆனால் ஒப்பிட அந்த இருவர் மட்டும்தானா இருக்கிறார்கள்? 2013இல் கொலராடோ அணி முதல் ஆளாக எடுத்த நேதன் மெக்கின்னனின் முதல் ஐந்து பருவங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: 63, 38, 52, 53, 97. முதலாண்டில் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வாங்கியவர், அடுத்த மூன்று ஆண்டுகள் அந்த அளவைத் தொடவேயில்லை. நான்காம் ஆண்டின் இறுதியில், அதாவது 2017 கோடையில், இப்போது உங்கள் நண்பர்கள் பேசுவதைப் போலத்தான் அவரைப் பற்றியும் பேசினார்கள். அவர் 2022இல், லீகின் சாம்பியன் அணிக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பையை வென்றார். 2023-24 பருவத்தில் 140 புள்ளிகளோடு லீகின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையையும் பெற்றார்.

சரி, 2017இல் ஒருவர் மெக்கின்னனை நம்பியிருக்க ஏதாவது காரணம் இருந்ததா, அல்லது இது பின்னால் வந்த புத்தியா? இருந்தது. அதைக் காட்ட இன்னொருவரை அவருக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். 2012இல் எட்மன்டன் அணி முதல் ஆளாக எடுத்த நெயில் யாகுபோவ், தம் முதல் பருவத்தில், அதுவும் சுருக்கப்பட்ட 48 ஆட்டப் பருவத்தில், 17 கோல்கள் அடித்தார். ஊரே கொண்டாடியது. ஆனால் அந்த 17 கோல்களுக்கு அவர் கோலை நோக்கி அடித்த அடிகள் வெறும் 81. நூற்றுக்கு 21 வீதம் உள்ளே போயிருக்கிறது. லீகின் பொதுச் சராசரி நூற்றுக்கு 9, 10 என்ற அளவில்தான் நிற்கும்; மிகத் தேர்ந்த கோலடிப்பாளர்கள்கூட ஆண்டுக்காண்டு இருபதைத் தாண்டித் தாக்குப்பிடிப்பதில்லை. எனவே அந்த வீதம் இறங்கியே தீரும் என்பது அன்றைக்கே தெரிந்த செய்தி. அடுத்த பருவத்தில் 63 ஆட்டங்களில் 11 கோல்கள். மொத்தம் 350 ஆட்டங்களோடு அவருடைய என்.எச்.எல். வாழ்க்கை முடிந்தது. மெக்கின்னனோ 2016-17 பருவத்தில் 16 கோல்கள்தான் அடித்தார், ஆனால் அதற்கு அவர் அடித்த அடிகள் 251. எதிரணிக் கோல் பகுதிக்குள் 251 முறை, தடுப்பவர்களைத் தாண்டி, அடிக்கத்தக்க இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார் என்பது அதன் பொருள். வலைக்குள் போகாமல் இருந்ததில் நேரமும் அதிர்ஷ்டமும் கோல்காப்பாளரும் பங்காளிகள். அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது முழுக்க அவருடைய சொத்து. அடுத்த ஆண்டு 284 அடிகளில் 39 கோல்கள் வந்தன.

அதனால் கோல் கணக்கைப் பார்க்கும் முன், வாய்ப்புகளை யார் உண்டாக்குகிறார், எத்தனை முறை உண்டாக்குகிறார் என்று பாருங்கள். ஒரு வீரரின் கையிலிருப்பது அதுதான்.

பெடார்டைப் பொறுத்தவரை அடுத்துக் கேட்க வேண்டியது, உடன் ஆடியவர்கள் யார் என்பது. 2023-24இல் சிகாகோ 82 ஆட்டங்களில் வென்றது 23, 2024-25இல் 25. இரண்டு ஆண்டுகளும் 32 அணிகளில் 31ஆவது இடம். இரண்டாம் பருவத்தின் நடுவில் தலைமைப் பயிற்சியாளரை நீக்கினார்கள், இடைக்காலத்துக்கு ஒருவர் வந்தார், பருவம் முடிந்ததும் ஜெஃப் பிளாஷில்லை நியமித்தார்கள். இருபது வயதுக்குள் மூன்று பயிற்சியாளர்கள்! முதலாண்டில் தாடை எலும்பு முறிந்து 14 ஆட்டங்கள் போயின. அவருடைய ‘பிளஸ்-மைனஸ்’ கணக்கு, அதாவது அவர் களத்தில் இருந்தபோது அணி அடித்த கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்கும் உள்ள வேறுபாடு, முதலாண்டில் மைனஸ் 44, இரண்டாமாண்டில் மைனஸ் 36. இந்த எண்களைக் காட்டித்தான் இணையத்தில் அவரை அதிகம் வறுக்கிறார்கள். ஒழுகுகிற கூரைக்குக் கீழே நிற்பவன் நனைந்திருக்கிறான் என்று குற்றம் சாட்டுவதைப் போன்றது அது. இருந்தாலும் முழுவதும் கூரையின் குற்றம் என்றும் நான் சொல்ல மாட்டேன். தற்காப்பில் அவர் திரும்பி ஓடுவதில் இன்னும் சுணக்கம் உண்டு.

அவருடைய கையில் உள்ள ஒரே ஒரு வித்தையை மட்டும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வலக்கைக்காரர். பக் மட்டையின் நுனியில், உடலை விட்டுச் சற்றுத் தள்ளி இருக்கிறது. தடுப்பவர் அந்த இடத்துக்குக் குறுக்கே தம் மட்டையை நீட்டுகிறார். கோல்காப்பாளரும் அந்தக் கோணத்துக்கே நகர்ந்து நிற்கிறார். பெடார்ட் அடிப்பதற்கு முந்தைய நொடியில் பக்கைத் தம் காலடிக்கு வெடுக்கென்று இழுத்து, இழுத்த வேகத்திலேயே மணிக்கட்டைச் சுழற்றி விடுகிறார். ஓரிரு அடி தூர இடமாற்றம்தான். தடுப்பவரின் மட்டை வெறும் பனியைத் தட்டுகிறது, கோல்காப்பாளர் பழைய கோணத்தில் நிற்கிறார். மேற்குக் கனடாவின் ஜூனியர் லீகில் ரெஜைனா பேட்ஸ் அணிக்கு 57 ஆட்டங்களில் 71 கோல்கள், 72 அசிஸ்ட்கள் என்று 143 புள்ளிகள் குவித்ததும், 2023 உலக ஜூனியர் போட்டியில் 7 ஆட்டங்களில் 23 புள்ளிகள் எடுத்ததும் பெரும்பாலும் இந்தக் கையால்தான். பெரியவர்கள் லீகிலும் அது செல்லுபடியாகிறது என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது. அந்தக் கைக்கு இடம் பிடித்துக் கொடுக்கும் கால் அவருக்கு இன்னும் வரவில்லை. மெக்டேவிட் போல வேகத்தால் வழி திறப்பவர் அல்லர் அவர். 5 அடி 10 அங்குல உயரத்தில், மோதி வழி எடுப்பவரும் அல்லர். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ‘ஃபேஸ் ஆஃப்’ மோதல்களில் அவர் வென்றது இரண்டு ஆண்டுகளிலும் நூற்றுக்கு 40க்கும் குறைவு. நடுவில் ஆடும் சென்டருக்கு இது பெருங்குறை. ஆனால் ஃபேஸ் ஆஃப் என்பது வயதோடும் உடல் பலத்தோடும் தேறக்கூடிய வேலை, கை அப்படி வராது. குறை எது என்று பார்ப்பதோடு, தேறக்கூடிய குறையா என்றும் பார்க்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என் கணிப்பை நீங்கள் கேட்டதால்: ஆண்டுக்கு 40 கோல் அடிக்கும் வீரராக அவர் வருவார் என்று நம்புகிறேன். ஓர் அணியையே தோளில் சுமக்கும் சென்டராக வருவாரா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஓரத்தில், அதாவது விங்கில், ஆடவைத்தால் இன்னும் விரைவாகப் பூப்பார் என்றே தோன்றுகிறது. முன்கள வீரர்களின் கோலடிக்கும் திறன் பொதுவாக இருபதுகளின் நடுவில்தான் உச்சத்தைத் தொடுகிறது. அவருக்கு 2025 ஜூலையில்தான் இருபது நிறைந்தது.

கேள்வி: முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர்களே தோற்றுப்போகும்போது, அத்தனை செலவு செய்து உலகெங்கும் ஆள் அனுப்பித் தேடுவது எதற்கு? சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடலாமே?
*(ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், மயிலாப்பூர்)*

குலுக்கிப் போட்டால் இதைவிட மோசமாகத்தான் இருக்கும், ஐயா. முதல் பத்து இடங்களில் எடுக்கப்பட்டவர்கள், பின்னால் எடுக்கப்பட்டவர்களைவிட மொத்தத்தில் மிக அதிக ஆட்டங்கள் ஆடுகிறார்கள். தேடுபவர்களின் கண் பொய்யில்லை. ஆனால் தவறும்போது பெரிதாகத் தவறுகிறது, அது நம் நினைவில் தங்கிவிடுகிறது. 1993இல் ஒட்டாவா முதல் ஆளாக எடுத்த அலெக்சாண்டர் டெய்க், இரண்டாவதாக எடுக்கப்பட்டவரை யாரும் நினைவில் வைப்பதில்லை என்ற பொருளில் அன்று ஒரு வார்த்தை சொன்னார். இரண்டாவதாக எடுக்கப்பட்டவர் கிறிஸ் புரோங்கர். அவருக்குப் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது, டெய்க்கை இன்று பெரும்பாலும் அந்த வார்த்தைக்காகவே நினைக்கிறார்கள். மறுபுறம், பின்னாளில் பெரும் புகழ்பெற்ற பாவெல் டட்சூக் 1998இல் 171ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். மார்ட்டின் செயின்ட் லூயியை எந்த அணியும் தேர்ந்தெடுக்கவேயில்லை, அவர் 2004இல் ஹார்ட் கோப்பை வாங்கினார். ஜோ தார்ன்டன் 1997இன் முதல் தேர்வு. முதல் பருவத்தில் 55 ஆட்டங்களில் 7 புள்ளிகள். கடைசியில் 1,539 புள்ளிகளோடு ஓய்வுபெற்றார்.

நம் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறதே. 1987இல் சென்னை எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனுக்கு வேகப்பந்து வீச்சாளராகும் ஆசையோடு வந்த மும்பைச் சிறுவனைப் பார்த்த டென்னிஸ் லில்லி, பந்து வேண்டாம், மட்டையைக் கவனி என்று சொல்லி அனுப்பினார். லில்லி டெண்டுல்கரைத் தவறவிட்டார் என்று இதைச் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்; எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. கேட்ட கேள்விக்கு அவர் சரியான விடையைத்தான் சொன்னார்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. இரண்டு ஆண்டுகளாகச் சக்கரச் சறுக்குப் பயிற்சிக்கும், இப்போது ரோலர் ஹாக்கிக்கும் போகிறான். தன் வயதுப் பிள்ளைகளில் அவனே அதிக கோல் அடிக்கிறான். ‘இவனுக்குப் பெரிய எதிர்காலம் இருக்கிறது, வெளிநாட்டுப் பனிக்களப் பயிற்சிக்கு அனுப்புங்கள்’ என்று பயிற்சி மையத்தில் சொல்லி, பெருந்தொகை கேட்கிறார்கள். நம்பலாமா?
*(ஒரு தாய், அண்ணா நகர்)*

பணத்தைக் கட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள், அம்மா: அவன் பிரிவில் வயதுக் கணக்கு எந்தத் தேதியில் தொடங்குகிறது, அவன் பிறந்த மாதம் எது?

கனடாவில் சிறுவர் ஹாக்கியின் வயதுப் பிரிவுகள் ஜனவரி 1ஆம் தேதியை எல்லையாகக் கொண்டவை. அங்கே மேல்மட்ட ஜூனியர் அணிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி நிறைந்திருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய உடனாய்வாளர்களும் 1985இலேயே எடுத்துக்காட்டினார்கள். காரணம் எளிது: ஒன்பது வயதில் பதினொரு மாத மூப்பு என்பது உயரத்திலும் பலத்திலும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. உயரமான பிள்ளை தேர்வாகிறது, தேர்வான பிள்ளைக்கு நல்ல பயிற்சி கிடைக்கிறது, நல்ல பயிற்சி கிடைத்த பிள்ளை மறுபடியும் தேர்வாகிறது. நாள்கணக்கு பெரியவர்களையும் விடுவதில்லை. என்.எச்.எல். தேர்வுக்கான எல்லை செப்டம்பர் 15. 1997 செப்டம்பர் 17இல் பிறந்த ஆஸ்டன் மேத்யூஸ் இரண்டே நாள் வேறுபாட்டால் ஓராண்டு காத்திருந்து 2016இல் முதல் ஆளாகப் போனார், முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல்கள் அடித்தார்.

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் பள்ளி ஹாக்கிப் போட்டிகளை ஆண்டுக்கணக்கில் வேடிக்கை பார்த்தவன் நான். பதின்மூன்று வயதில் மற்றவர்களைவிட ஒரு சாண் உயர்ந்திருந்த ஒரு பையன், ஆட்டத்துக்கு மூன்று நான்கு கோல் என்று அடித்துக்கொண்டிருந்தான். இவன் இந்தியாவுக்கு ஆடுவான் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் பந்தயமே கட்டினேன். பதினாறில் எல்லாரும் அவன் உயரத்துக்கு வந்துவிட்டார்கள். பந்தைத் தட்டிவிட்டு ஓடி முந்துவதைத் தவிர அவனுக்கு வேறெதுவும் தெரிந்திருக்கவில்லை, தெரிந்துகொள்ளும் தேவை அதுவரை வந்திருக்கவுமில்லை. பந்தயத் தொகை ஒரு மசால் தோசை, கொடுத்துவிட்டேன்.

ஆகவே அவன் அடிக்கும் கோல்களை எண்ண வேண்டாம். ஒரு மாலை ஓரமாக நின்று, அவன் இரண்டு பக்கமும் திரும்பி நிற்கிறானா, அல்லது வசதியான ஒரு பக்கம் மட்டுமா என்று பாருங்கள். பந்தை வாங்கும் முன் தலையைத் தூக்கி யார் எங்கே என்று நோக்குகிறானா என்றும், பறிகொடுத்த பின் அதைத் துரத்துகிறானா, நடுவரைப் பார்க்கிறானா என்றும் பாருங்கள். தன்னைவிட இரண்டு வயது மூத்த பிள்ளைகளோடு ஒரு மாதம் ஆடவைத்துக் கேளுங்கள்; அதற்குச் செலவே இல்லை. சக்கரத்தில் நன்றாகச் சறுக்குபவனுக்குப் பனி பழகச் சில வாரம் போதும் என்று யாராவது சொன்னால், நிற்கும் முறையே வேறு என்பதை நினைவில் வையுங்கள்: பனியில் கத்தியைக் குறுக்கே திருப்பிச் சுரண்டி நிற்பார்கள், சக்கரம் தரையைப் பற்றுவதால் அந்தச் சுரண்டல் அதே மாதிரி நடக்காது. ஒன்பது வயதில் எவராலும் பெரிய எதிர்காலத்தைப் பார்க்க முடியாது. பார்த்ததாகச் சொல்பவர் கையில் ரசீதுப் புத்தகமும் இருந்தால், நான் தாமதிப்பேன்.

கேள்வி: சதுரங்கத்தில் ரேட்டிங் என்று ஓர் எண் போதுமே; குகேஷ் எப்படி வளர்கிறார் என்று மாதந்தோறும் பார்த்தோம். ஹாக்கியில் ஏன் அப்படி ஓர் எண் இல்லை?
*(வாசகர், முகப்பேர்)*

சதுரங்கப் பலகையில் எதிரே ஒருவர்தான் உட்கார்ந்திருக்கிறார், வென்றால் வென்றவர் நீங்கள். பனிக்களத்தில் ஒரு தடவைக்கு முக்கால் நிமிடம்போல இறங்கி ஏறுகிறார்கள். களத்தில் இரு தரப்பிலும் கோல்காப்பாளரோடு சேர்த்து ஆறாறு பேர். யாருடைய உழைப்பு யாருடைய கணக்கில் ஏறுகிறது என்று பிரிப்பதுதான் கடினம். பிரித்துத் தரும் எண்கள் இப்போது பல வந்துவிட்டன, அவை பயனுள்ளவையே. ஒரு வீரருக்கு ஒரே எண் என்று யாராவது கொடுத்தால் மட்டும் நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: உயரம் குறைந்தவர்களுக்கு ஐஸ் ஹாக்கியில் எதிர்காலமே இல்லையா?
*(பள்ளி மாணவி, பெரம்பூர்)*

மான்ட்ரியலின் லேன் ஹட்சனைப் பார். 5 அடி 9 அங்குலம், அதுவும் பெரிய உடம்பு வேண்டும் என்று எல்லாரும் நினைக்கும் தற்காப்பு இடத்தில். இன்னும் வளர்வேன் என்று மருத்துவர் கொடுத்த கடிதத்தையே கையில் எடுத்துக்கொண்டு தேர்வுக்குப் போனார்; 2022இல் 61 பேருக்குப் பிறகுதான் எடுத்தார்கள். 2024-25இல் 66 புள்ளிகளோடு கால்டர் கோப்பை அவருக்குத்தான் கிடைத்தது. இந்திய மகளிர் ஐஸ் ஹாக்கி அணி 2025 ஜூனில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றதையும் நீ கவனித்திருப்பாய்; பெரும்பாலும் லடாக் பெண்கள்.

முதல் கேள்வி கேட்ட ஐஸ் ஹவுஸ் தம்பிக்கு ஒரு பின்குறிப்பு. அக்டோபரில் பருவம் தொடங்கியதும் பெடார்டின் முதல் பத்து ஆட்டங்களில் கோலைத் தவிர இரண்டை மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள்: ஆட்டத்துக்கு எத்தனை அடி அடித்தார், பக்கைப் பறிகொடுத்த பின் முதல் மூன்று நொடியில் என்ன செய்தார். சிகாகோவில் இரவு ஏழு மணி என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை ஐந்தரை, பால் பாக்கெட் வரும் நேரம். நவம்பர் முதல் வாரத்தில் அங்கே கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள்; அதன் பிறகு ஆறரைக்கு எழுந்தால் போதும்.